இரண்டு அங்குலம்

கப்பல் எட்டு மணிநேரம் நிற்கும் என்றார்கள்.
இறங்குதுறை வாசலில் நாங்கள் பதினேழு ஓட்டோ.
என் சீற்றின் பின்னால் விலைப்பட்டியல்:
கோட்டை, கோணேசர், இராவணன் வெட்டு,
கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழும்.

அவ வந்து ஏறினா.
மணிக்கட்டில் நீலப் பட்டி, மடியில் ஒரு பை.
கடலில் எண்பத்து மூன்றாவது நாளாம்.
"கோட்டை?" என்றேன்.
இலையான் கலைப்பதுபோல் கையை வீசினா.
கார்த்தஹேனாவில் பார்த்தாவாம்,
சான் ஹுவானில் பார்த்தாவாம்,
எங்கேயும் அதே பீரங்கி,
கடலைப் பார்த்து வாய் பிளந்தபடி.
எனக்குக் கோபம் வந்தது.
எங்கள் பீரங்கியை நான்கூட
இவ்வளவு மட்டமாகப் பேசியதில்லை.

பைக்குள் ஒரு காற்சட்டை, ஆம்பிளையுடையது.
"டெய்லர்" என்றா.

நிஸ்தார் நானாவின் கடை
ஒரு மெஷினும் ஒரு ஃபேனும் கொள்ளும்.
"இடுப்புப் பிடிக்க வேணுமாம், நானா."
"எவ்வளவு?"
அவவுக்குத் தெரியவில்லை.
"ஆளைக் கூட்டி வரச் சொல்லு."
ஆள் கப்பலில், கட்டிலில்.
ஏறின அன்று அளவாய் இருந்ததாம்.

பிறகு அவ எழும்பி நின்று
கண்ணை மூடி
வெறுங்காற்றைக் கட்டிப் பிடித்தா.
கை கொஞ்சம் அகன்றது, ஒடுங்கியது,
இன்னும் ஒடுங்கியது,
ஓரிடத்தில் நின்றது.

நானா ஒன்றும் பேசவில்லை.
கழுத்து நாடாவை எடுத்து
அந்த வளையத்தை அளந்தார்,
உள்ளே ஒருவர் நிற்கிறார் என்பதுபோல,
முட்டாமல், விலகி விலகி.

மெஷின் ஓடின நேரம் நான் தேத்தண்ணிக்குப் போனேன்.
திரும்பி வந்தால், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
ஓட்டோவுக்குள் தலையை விட்டு
பட்டியலைச் சப்பிக்கொண்டு நிற்கிறது.
கோட்டை போய்விட்டது.
கோணேசருக்கு வருமுன் கலைத்தேன்.

நானா காற்சட்டையைப் புரட்டிக் காட்டினார்.
"வெட்டேல்ல எண்டு சொல்லு.
ரெண்டு அங்குலமும் உள்ளுக்கே மடிஞ்சு கிடக்கு.
உடம்பு தேறினா நூலைப் பிரிச்சாச் சரி."

பீரங்கிக்கு என்னிடம் இங்கிலீசு உண்டு.
தேறுவதற்கு இல்லை.
அவவின் விரலைப் பிடித்து
அந்த மடிப்பின் தடிப்பில் வைத்தேன்.
இறங்குதுறை மட்டும்
விரல் அங்கேயே இருந்தது.

முன்னூறு ரூபாய். ஆயிரம் நீட்டினா.
நானா மிச்சத்தை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

இரவு மனுசி கேட்டா,
"வெள்ளைக்காரி எங்க போனவ?"
"நிஸ்தார் நானாட்ட."
நம்பவில்லை.
பட்டியலைக் காட்டினேன்,
கோட்டை இருந்த இடத்தில் பல்லடையாளம்.