நகல்: மூன்று துறைகளுக்கும்

கோப்பு எண் 4417.
தட்டச்சு செய்தவள் வினிஃப்ரெட் டாப்ஸ்காட்,
லண்டன், இரண்டாம் மாடி, கணப்பு எரியாத அறை.

பசூட்டோலாந்தின் மலைப்பள்ளி ஒன்றுக்கு
ஓர் ஆர்மோனியம், முப்பது பாட்டுப் புத்தகம்.
நாற்பத்தாறு பவுண்டு.

குடியேற்றத் துறை சொன்னது:
அந்த நிலம் எங்கள் பட்டியலில் இல்லை.
காமன்வெல்த் துறை சொன்னது:
நிலம் எங்களுடையதுதான், பண்பாடு எங்களுடையதல்ல.
கருவூலம் கொஞ்சம் யோசித்துக் கேட்டது:
பாட்டு பண்பாடு, சரி.
பாட்டுப்பெட்டி மரச்சாமான் கணக்கில் அல்லவா வரும்?

மரியாதைக்குக் குறைவில்லை.
கைவிரித்த கடிதம் ஒவ்வொன்றும்
தங்கள் பணிவுள்ள ஊழியன் என்றே முடிந்தது.
பணிவுள்ள ஊழியர்கள் மூவரும்
ஒரே விடுதியில் மதிய உணவு உண்டார்கள்,
அவரவர் பங்கை
அவரவர் எண்ணி வைத்தார்கள்.

இரண்டு குளிர்காலம்.
'பரிசீலனையில்' என்று அடித்தடித்து
நாடா மங்கிப்போய் மாற்றினேன்.
புது நாடாவுக்கு யார் கையெழுத்து என்று
யாரும் கேட்கவில்லை.

இன்று பாட்டு வாத்தியார்
செலீசோ ரமொகோட்சியிடமிருந்து மூன்றாம் கடிதம்.
உறையில் சிவப்பு மண்.
புகார் இல்லை. நினைவூட்டலும் இல்லை.

'ஐயா,
என் பையன்களுக்குக் குரல் உடைந்துவிட்டது.
முன்பு கேட்ட புத்தகங்கள் உச்சக் குரலுக்கானவை.
கீழ்க்குரலுக்கு மாற்றி அனுப்பவும்.
ஆர்மோனியம் இல்லாமலே
சுருதி பிடிக்கப் பழகிவிட்டார்கள்.
ஆனாலும் அனுப்பவும்.'

கோரிக்கை மாறிவிட்டதால்
விதிப்படி இது புதிய விண்ணப்பம்.

கோப்பு எண் 5208.
உருளையில் தாள் செருகியிருக்கிறேன்.
யாருக்கு என்ற இடத்தில்
விரல் நிற்கிறது.