நூறு வரை

மெஷின் மூன்று நாளாய்ப் படுத்துவிட்டது.
ரீஏஜென்ட் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.
லொறி எங்கே நிற்கிறதென்று
மட்டக்களப்பில் யாருக்கும் தெரியாது.
கண்ணால்தான் எண்ணுகிறேன்.

ஊதா மூடிக் குழாய்.
உதுமாலெவ்வை, 58, சாய்ந்தமருது.
தைரொய்ட் புற்றுநோய், நுரையீரலுக்கும் பரவியது.
கீழே டொக்டரின் அவசரக் கையெழுத்து:
லிம்போசைட் ஒன்றுக்கு நியூட்ரோபில் எத்தனை?
மூன்றைத் தாண்டினால் சொல்லவும்.

இந்தப் பெயரை எனக்குத் தெரியும்.
கல்முனையில் வேலை பார்த்த இரண்டு வருடமும்
விடியப்புறம் அந்தக் கரையில்தான் மீன் வாங்கினேன்.
ஏலம் கூறுவார்.
ஐந்நூறிலிருந்து ஆயிரத்து நூறு வரை ஒரே மூச்சு.
அந்த மூச்சை எங்கே எடுக்கிறாரென்று
நான் தேடிக்கொண்டு நிற்க
பாரைக்கூடை வேறொருத்தனுக்குப் போயிருக்கும்.

பிறகு கழுத்தில் கத்தி வைத்தார்கள்.
மகரகமையில் அயடின் குடித்துவிட்டு
யாரும் கிட்ட வராத அறையில் தனியே கிடந்தார்.
கட்டி அயடினுக்கு மசியவில்லை.
குரலுக்குப் போகும் நரம்பை மட்டும்
கச்சிதமாய்க் கண்டுபிடித்தது.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு, இழுத்து,
சாயம் ஊற்றி, காயவைத்து, எண்ணெய் விட்டு
குனிந்தேன்.

மூன்று மடல், நான்கு மடல் கருவோடு
நியூட்ரோபில்கள். டிக். டிக். டிக்.
முதல் கூச்சலுக்கே ஓடிவரும் கூட்டம்,
என்ன மீனென்று பார்க்காமலே கை தூக்குகிறவர்கள்.
எங்கோ ஓரத்தில் ஒரு லிம்போசைட்,
நாவற்பழக் கறுப்பில் உருண்டைக் கரு.
சரக்குத் தெரிந்தவன், வாய் திறக்காமல் நிற்கிறான்.
டிக்.
அவனைப்போல் இன்னொருவனைத் தேடி
எத்தனை வயல் தாண்டினேன்!

நூறில் மணி அடித்தது.
எழுபத்தெட்டு. பதினான்கு. மிச்சம் சில்லறை.
ஐந்தரைக்கும் மேலே.

யாரும் கேட்காமலே இன்னொரு நூறு எண்ணினேன்.
இந்த முறை ஓரங்களில் அதிகம் அலைந்தேன்,
அது பிழையென்று தெரிந்தும்.
எழுபத்தாறு. பதினைந்து.
ஐந்து.
ஒரு லிம்போசைட்டுக்கு இவ்வளவு சந்தோசப்பட்டது
வேலைக்கு வந்து பதினொரு வருடத்தில் இதுதான் முதல்முறை.

பாரதூரமான எண்தான்.
ஆனால் அது ஆயிரம் பேரை வரிசையில் வைத்து
எடுத்த எண்.
அந்த வரிசையில் இவர் எங்கே நிற்கிறாரென்று
எந்த லென்ஸிலும் தெரியாது.
டொக்டருக்கு முதல் எண்ணிக்கையை எழுதினேன்.
இரண்டாவதையும் எழுதினேன்.

பின்னேரம் யன்னலுக்கு வந்தார்.
கழுத்தில் துவாய். என்னை மட்டுக்கட்டவில்லை.
குரல் இருந்த இடத்தில் காற்று மட்டும்:
"என்ன வெலைக்குப் போகுது மகள்?"

"டொக்டர் சொல்லுவார்."

சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள்தான் குலுங்கியது.
"அப்ப இன்னும் கூடையத் தூக்கல்ல."

கல்முனை பஸ் எத்தனை மணிக்கென்று கேட்டார்.
சொன்னேன்.

அடுத்த குழாயை எடுத்தேன்,
பெயர் இருந்த பக்கத்தை
உள்ளங்கைக்குள் திருப்பிவைத்துக்கொண்டு.