சதுர அடி எட்டு ரூபாய்

ஆறு சனிக்கிழமை.
வண்ணார்பேட்டையில் ஏசி ஹால்,
மதியம் வெஜ் பிரியாணி.
உள்ளூர்த் தொழில்முனைவோருக்குச்
சமூகத் தலைமைப் பயிற்சி.
பாதிப் பணம் சங்கம் கட்டியது,
மீதி நான்.

பேட்டை ரோட்டில் பிளெக்ஸ் அடிக்கிறவன் நான்.
தலைவர் என்ற சொல்லை
ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிக்கிறேன்.
மஞ்சள் எழுத்து, சிவப்பு ஓரம்,
சதுர அடி எட்டு ரூபாய்.
பூப்புனித நீராட்டுக்கும் அதே ரேட்தான்.

பயிற்சியாளர் கோயம்புத்தூர்க்காரர்.
பேப்பர் கப்பில் கோபுரம் கட்டச் சொன்னார்.
டயர் ரீட்ரேடிங் அருமைநாயகம்
மூச்சை அடக்கி ஒன்பதாவது கப்பை வைக்கும்போது
மாவு மில் உச்சிமாகாளி தும்மினார்.
"இதுல என்ன கத்துக்கிட்டீங்க?"
"இவரு மூக்க மொதல்ல கெட்டிருக்கணும்."

கண்ணைக் கட்டிக்கொண்டு
பின்னால் சாயச் சொன்னபோது
யாரும் சாயவில்லை.
முப்பது வருசமாய்க் கடன் கொடுத்து வாங்குகிறோம்.
யார் பிடிப்பார்,
யார் அந்த நேரம் பார்த்துப் போன் பேசுவார்
என்பதெல்லாம் தெரியும்.

மூன்றாவது சனிக்கிழமை
ஆளுக்கொரு வெள்ளைத் தாள்.
உங்கள் தெருவின் பிரச்சினை ஒன்று,
அதற்குக் காரணமானவர் பெயர் ஒன்று.
எல்லாரும் மாநகராட்சி என்று எழுதிவிட்டு
பிரியாணி வாசம் வருகிறதா என்று பார்த்தோம்.

மைதீன் பாத்து மட்டும் எழுந்து நின்று வாசித்தார்.
பீடி இலை குடோன் வைத்திருப்பவர்,
கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை.
"போன மார்கழியில தண்ணி ஏறி
அறுபது கட்டு எல அழுகிப் போச்சி.
வாறுகால் அடச்சிக் கெடக்கு.
எங்கன அடச்சிருக்குன்னு
இங்க ஒரு அண்ணாச்சிக்குத் தெரியும்."
என்னைப் பார்க்கவில்லை.
பேனா மூடியைத்தான் பார்த்தார்.

தெரியும்.
வெட்டித் தள்ளுகிற ஓரத்துண்டுகளை
கடைப் பையன் எங்கே கொட்டுகிறான் என்று
நான் கேட்டதே இல்லை.
கேட்காமலே இருக்க ஒரு திறமை வேண்டும்,
அது எனக்குப் பயிற்சி இல்லாமலே வந்தது.

நிறைவு விழாவுக்கு பிளெக்ஸ்,
பத்துக்கு ஆறு, இருபத்திரண்டு போட்டோ.
ஆர்டர் எனக்குத்தான்.
எல்லார் முகத்தையும் ஒரே அளவில் வெட்டி வைத்தேன்.
உச்சிமாகாளி மீசையில் இருந்த மாவைத் துடைத்தேன்.
பிரிண்ட் கொடுக்கக் கை போகவில்லை.
மிஷினை அணைத்துவிட்டு
ஷட்டரில் சாக்பீஸால் எழுதினேன்:
ஞாயிறு காலை ஆறு மணி. வாறுகால்.
மண்வெட்டி கொண்டுவரவும்.
எழுத்துகள் வலது பக்கம் மேலே ஏறிப் போயிருந்தன.

இருபத்திரண்டில் ஐந்து பேர் வந்தோம்.
மைதீன் பாத்து ஒரு கேன் டீயோடு வந்து
டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.
பயிற்சியாளர் வாட்ஸப்பில் கைதட்டல் அனுப்பினார்.

மூன்றாவது சிலாப்பைப் புரட்டியதும்
நாற்றத்துக்கு முன்னால் முகம் வந்தது.
காற்றில் அறுந்து விழுந்ததோ,
பையன் தள்ளிவிட்டதோ,
கறுப்புச் சேற்றுக்குள்
கைகூப்பியபடி, பல் வரிசை கெடாமல்,
வருக வருக.
இரண்டு மழைக்காலம் உள்ளே கிடந்தும்
ஒரு பொட்டு மங்கவில்லை.
நான் நல்ல மைதான் போடுவேன்.

"இத என்ன செய்ய அண்ணாச்சி?"
நாலு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
என்னைப் பார்த்தார்கள்.
இந்தப் பார்வையைப் பற்றி
ஆறு சனிக்கிழமையிலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இழுத்தோம். லேசில் வரவில்லை.
தோள் வரைக்கும் வந்து நின்றார்,
அப்புறம் இடுப்பு,
அப்புறம் அடியில்
என் கடைப் பெயரும் போன் நம்பரும்.
அதுவும் வெளியே வந்த பிறகுதான்
தண்ணீர் ஒரு தடவை செருமிவிட்டு
நகர ஆரம்பித்தது.

மத்தியானம் குளித்துவிட்டு
பழைய பில் புக்கைப் புரட்டினேன்.
பன்னிரண்டுக்குப் பத்து,
தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.
இன்னும் பாக்கி.