ஆறாவது ஆள்

எல்லாப் படங்களிலும் வலது ஓரத்தில்
பாதித் தோளோடு நிற்பவன் நான்.
ஆட்டம் ஐவருக்கானது.

தார்வாக் என்று பெயர் வைத்தவன் சொட்னோம்.
பனிக்காலம் முழுக்க வளைக்குள் கிடக்கும்
கொழுத்த புல்வெளிப் பிராணி அது.
நாங்களும் அப்படித்தான்:
உலான்பாத்தரில் ஒரு பல் மருத்துவமனையின் நிலவறை,
பதினெட்டுக் கணினிகள்,
இரவு முழுவதற்கும் நாலாயிரம் துக்ரிக்.
மேலே பல் துளைக்கும் இரைச்சல் அடங்கிய பிறகுதான்
திரைக்குள் எதிரியின் காலடி கேட்கும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகையில் தெருவிளக்கு
கெட்டுப்போன மஞ்சள் கரு.

சர்வர் சிங்கப்பூரில் இருந்தது.
இங்கே தட்டிய தோட்டா
கோபியைத் தாண்டி, சீனத்தைத் தாண்டி,
கடலையும் தாண்டிப் போய்ச்சேர
நூற்று நாற்பது மில்லிசெகண்ட்.
அதற்குள் எதிரி சுவருக்குப் பின்னால் போயிருப்பான்.
அல்லது நாங்கள் செத்திருப்போம்,
சேதி மட்டும் வந்திருக்காது.

ஆகவே பிலெக்த் வெறும் கதவைச் சுட்டான்.
வெறும் கதவில் ஆள் வந்து விழுந்தான்.
ஏமாற்றுக்காரன் என்று மூன்று புகார்கள்.
விசாரித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை.
துல்கூன் பழகிக்கொண்டான், துவ்ஷின் பழகினான்,
கரி மூட்டை சுமந்த கையோடு சொட்னோமும்.
எனக்கு மட்டும் வரவேயில்லை.
ஆளைக் கண்டால்தான் என் விரல் அசையும்.
அதனால்தான் ஆறாவது.
தேநீரில் உப்பு சரியா என்று பார்ப்பவன்.

ஐந்தாம் வருடம் ஸ்வீடனுக்கு அழைப்பு.
ஹுலான் தூதரக வாசலில் எட்டு நாள் நின்றாள்.
எல்லோருக்கும் விசா வந்தது,
பிலெக்துக்கு வரவில்லை.

மால்மோவில் நாற்காலிகள் சுழன்றன.
தண்ணீர் பாட்டிலிலும் எங்கள் பெயர், எழுத்துப் பிழையோடு.
சர்வர் மேடைக்கு அடியிலேயே.
தாமதம்: மூன்று.

நூற்று நாற்பதில் வளர்ந்த நான்கு பேரும்
எதிரி வருமுன்பே சுட்டுத் தீர்த்தார்கள்.
அவன் நிதானமாக வந்து, காலி துப்பாக்கிகளைப் பார்த்து
ஒவ்வொருவராகக் கொன்றான்.
நான் மட்டும் பார்த்தேன், சுட்டேன்,
பார்த்தேன், சுட்டேன்.
முதல் சுற்று நாலுக்குப் பதினாறில் தோற்றோம்.
எங்கள் பெயரில் விழுந்த தலைகள் இருபத்தாறு,
பத்தொன்பது என் கணக்கு.
சொட்னோம் என்னைத் திரும்பிப் பார்த்தான்,
தன் பையில் வேறு யாருடைய சாவியோ கிடந்ததுபோல.

அடுத்த சுற்றில் அவர்களுக்கும் பிடிபட்டது.
வென்றோம். மூன்றாவதில் நூலிழையில் போனது.

மறுநாள் விடியலில் பிலெக்த் வந்து இறங்கினான்,
கையில் ஆட்டுக்கறி உருண்டை டப்பா.
நாற்காலியின் உயரத்தைத் தனக்கேற்ப இறக்கினான்.
டேனிஷ் அணியை அவர்கள் வென்றபோது
கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினேன்.
அந்தப் படத்திலும் வலது ஓரம்.

பிறகு பணம் வந்தது.
தொலைபேசி நிறுவனத்தின் சின்னம் நெஞ்சில்,
வெள்ளைத் தோல் நாற்காலிகள், மனநல ஆலோசகர்,
ஜன்னல் வைத்த அறை.
ஜன்னல் வந்த வருடமே தோற்கத் தொடங்கினோம்;
இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார் ஆலோசகர்.
துல்கூனை அல்மாத்திக்கு விற்றார்கள்.
சொட்னோமின் மணிக்கட்டு முதலில் போனது,
பிறகு சொட்னோம்.
துவ்ஷின் கார் டயர் விற்கிறான்.
கடைசியில் பெயரையும் விற்றார்கள்.
சைப்ரஸில் ஒரு கம்பெனி வாங்கியது.
இன்று பெல்கிரேடில் ஐந்து பையன்கள்
அந்தச் சட்டையைப் போட்டு ஆடுகிறார்கள்.
தார்வேக் என்கிறார் வர்ணனையாளர்.
நன்றாகத்தான் ஆடுகிறார்கள். பார்க்கிறேன்.

நான் இப்போது கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கிறேன்.
போன வாரம் ஒரு நிலவறைக்கு இணைப்புக் கொடுத்தேன்,
முப்பத்தேழு மில்லிசெகண்ட்.
மூலை இருக்கையில் ஒரு சிறுமி
வெறும் கதவைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தாமதமா?" என்று சலித்துக்கொண்டாள்.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
மேலே ஏறி வந்தேன்.