நிகழ்ச்சிக் குறிப்பில் இல்லாதது

பிப்ரவரி இரண்டாம் செவ்வாய், மாலை ஐந்தரை.
விஸ்கான்சின், வாசா நகரம்.
வந்திருந்தோர் ஒன்பது பேர்,
அதில் இருவர் பள்ளிப் பிள்ளைகள்.
இதுவரை நான் தட்டச்சு செய்தது சரி.

மூடிப்போன காகித ஆலையின் பெயரில்
இன்னும் நடக்கிறது எங்கள் அறக்கட்டளை.
ஆலை போய்விட்டது, வட்டி போகவில்லை.
அந்த வட்டியைத்தான் ஆண்டுக்கு ஒரு முறை
ஊரின் இளையோருக்குப் பங்கு வைக்கிறோம்.
வைக்கிறோம் என்றா சொன்னேன்?
நான் குறிப்பெடுப்பவள். மணிக் கணக்கில் கூலி.

ஏழாவது விண்ணப்பம்: கிழக்குக் கரை இளையோர் கூடம்.
கேட்பது பதினெட்டாயிரத்து நானூறு டாலர்,
வேன் ஓட்டுநருக்கும், வேனின் ஹீட்டருக்கும்.
"போதிய பிரதிநிதித்துவம் பெறாத
பதின்பருவத்தினர் நாற்பத்தொரு பேர்..."
வாசித்துக்கொண்டிருந்த நியா வூ
பாதியில் நின்றாள்.
பதினேழு வயது. குழுவில் அவளுக்கு இது மூன்றாவது கூட்டம்.
"இதுல ஒருத்தி நான்," என்றாள்.
"இப்படி ஒரு பேர் இருக்குன்னு இப்பத்தான் தெரியும்."
சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

தலைவர் சாஸ்ட்ரோ கண்ணாடியைத் துடைத்து
விதி பன்னிரண்டைப் படித்தார்:
தொடர்புடையவர் அறையில் இருக்கலாகாது.
எழுதினேன்:
செல்வி வூ 6.14-க்கு வெளியேறினார்.

கதவில் ஒரு சாண் அகலக் கண்ணாடி.
என் நாற்காலிக்கு மட்டும் தெரியும் நடைபாதை.
தின்பண்ட எந்திரத்தின் முன் நின்று
சில்லறையை எண்ணினாள்.
பையில் போட்டாள்.
மறுபடி எடுத்து எண்ணினாள்.

உள்ளே ஒருவர் கேட்டார்,
"நகரப் பேருந்து இருக்கும்போது வேன் எதற்கு?"
இன்னொரு பள்ளிப் பிள்ளை கேலப் கேட்டான்,
"அதுல ஏறித்தான் வீட்டுக்குப் போறாங்களா?"
தெரிந்தவள்
கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

எல்லோரும் தாளைப் புரட்டினார்கள்.
பதில் இருக்கத்தான் செய்தது, நான்காம் கட்டத்தில்:
"மாலை ஆறரைக்குப் பிறகு எங்கள் பக்கம் பே"
அதோடு கட்டம் முடிகிறது.
அறுநூறு எழுத்துக்கு மேல் ஏற்காத கட்டம்.
அதை அளந்து வரைந்தவள் நான்.
ஒரே பக்கத்தில் அடங்கினால்
கோப்பு அழகாக இருக்கும் என்று.

பேருந்து இல்லை என்பது எனக்கும் தெரியும்.
நானும் அந்தக் கரைதான்.
குறிப்பெடுப்பவர் பேசக் கூடாது என்று
எந்த விதியிலும் இல்லை.
பின்னால் தேடிப் பார்த்தேன்.

அப்போது எழுதியது இவ்வளவுதான்:
விவாதத்திற்குப் பின் பாதித் தொகை,
ஒன்பதாயிரத்து இருநூறு, ஒருமனதாக.

6.25. அவளைக் கூப்பிட்டார்கள்.
கையில் ஒன்றும் இல்லாமல் வந்து உட்கார்ந்தாள்.
முடிவைச் சொல்லவில்லை.
கடிதம் போகும்வரை ரகசியம், விதி பதின்மூன்று.
அவளும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எட்டாவது, மேற்குப் பக்கத்துப் பனிச்சறுக்கு அணி.
சீருடைக்கும் பயிற்சியாளருக்கும் கேட்டிருந்தார்கள்.
தாளைக் கடைசி வரி வரை படித்துவிட்டு
நியா கேட்டாள்:
"பயிற்சி முடிஞ்சு இவங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க?
அதைக் கேட்காமலேயே கொடுக்கப் போறோமா?"
அறை ஒரு கணம் இருமியது.
பிறகு அவளே
ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போட்டாள்.

கூட்டம் 7.40-க்கு முடிந்தது.
வாசலில் அந்த வேன்.
ஓட்டுநர் பழைய நூலக அட்டையால்
முன்கண்ணாடியின் உட்பக்கத்துப் பனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தார். உட்பக்கத்து.
உள்ளே ஏழெட்டுத் தலைகள், ஒரே போர்வை.
நியா ஏறியதும் போர்வை கொஞ்சம் நகர்ந்து
அவளையும் சேர்த்துக்கொண்டது.

ஹீட்டரா, ஓட்டுநரா?
பாதித் தொகையை எப்படிப் பிரிப்பார்கள்?
அதற்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறோம்.

என் காரைக் கிளப்பினேன்.
கட்டத்தைப் பெரிதாக்க
யாராவது தீர்மானம் கொண்டுவர வேண்டும்.
புதுப் படிவம் செப்டம்பரில் அச்சுக்குப் போகும்.
இது பிப்ரவரி.
இருக்கை சூடாக ஆரம்பித்திருந்தது.