பதினொரு இரவுக் கடை

கோடையில் டயர் மாற்ற யாரும் வருவதில்லை.
அல்மாத்தியின் கார்களெல்லாம் ஏப்ரலிலேயே
பனிச்சக்கரத்தைக் கழற்றிவிடும்.
அதனால் ஜூனில் பதினொரு இரவுகள்
கெனெஸின் கடை எங்களுக்கு.
வாடகை எழுபதாயிரம் தெங்கே,
கூடவே தினம் ஒரு கிண்ணம் அவருக்கு,
காரம் குறைத்து.

ரப்பர் வாசம் போகவில்லை.
மூன்று முறை சோடா போட்டுத் தேய்த்தோம்.
நான்காவது வாளி நிரப்பும்போது ஷோஹ்ரத் சொன்னான்:
"விடு, அல்யா.
அதுக்கும் ஒரு நாற்காலி போட்டுடலாம்."

திட்டம் என்று ஒரு தாள் இருந்தது.
வங்கியில் பதினாறு வருஷம்
அடுத்தவர் கனவுக்குக் கடன் மறுத்த கை என்னுடையது.
அதே கையால் எழுதினேன்:
உய்குர் கை இழுத்த நூடுல்ஸ்,
எங்கள் கொரிய வீட்டுக் குளிர்ந்த சாறு,
ஒரே கிண்ணத்தில்.
இது என் மேசைக்கு வந்திருந்தால்
இரண்டாம் பத்தியிலேயே
மூடியிருப்பேன் கோப்பை.

ஷோஹ்ரத்துக்கு ஒரு சட்டம்தான்:
கிண்ணத்துக்கு ஒரே இழை.
எண்ணெய் தடவிப் பாம்பாய்ச் சுருட்டிய மாவை
விரல்களில் சுற்றி, விரித்து,
மேசையில் ஓங்கி அறைவான்.
அந்தச் சத்தத்தில் ஸ்பானர்கள் ஆணியில் நடுங்கும்.
"அறுந்தா அது நூடுல்ஸ் இல்லை,
மன்னிப்புக் கடிதம்."

முதல் ஒத்திகை.
சோயா, வினிகர், சிட்டிகை சர்க்கரை,
மேலே வெள்ளரி, கொத்தமல்லி,
நூலாய் அரிந்த முட்டைத்தோசை, ஐஸ்.
நான் சாற்றை ஊற்றியதும்
அவன் மாவு விறைத்துக்கொண்டது.
கெனெஸ் மென்றார்.
மென்றுகொண்டே இருந்தார்.
சுவரில் தொங்கிய டயரை ஒரு தரம் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு உப்பைக் குறைத்தோம்.
மாவை மூன்று மணி நேரம் தூங்கவிட்டோம்.
மெலிதாக இழுத்தான், குழைந்தது;
தடிமனாக இழுத்தான், மறுபடி டயர்.
"என் மாவு கொதியில பிறந்தது" என்றான்.
"என் சாறு ஐஸில" என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
கம்ப்ரெசர் மட்டும் இடையிடையே
பெருமூச்சு விட்டது எங்கள் இருவருக்குமாக.

மூன்றாம் நாள் மின்சாரம் போனது.
ஐஸ் உருகிப் பாத்திரத்தின் வியர்வையும் காய்ந்தது.
கொட்டப்போனவள், சும்மா,
அவன் வடித்து வைத்த இழையின் மேல் ஊற்றினேன்.
சூடும் இல்லை, குளிரும் இல்லை.
மாவு முறைக்கவில்லை.
வினிகர் மெல்ல உள்ளே இறங்கியது.
இருட்டில் நின்றே தின்றோம்,
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததும்
நல்லதாய்ப் போயிற்று.

அதற்குள் மெனு அட்டை அச்சாகி வந்திருந்தது.
இருநூறு அட்டை.
இருநூறிலும் 'குளிர்ந்த' என்பதைப்
பேனாவால் அடித்தோம், ராத்திரி முழுக்க.
வந்தவர்களில் பாதிப்பேர்
விலையைப் பார்ப்பதற்கு முன்
அடித்த கோட்டின் அடியில் இருப்பதை
எழுத்துக்கூட்டினார்கள்.

முதல் இரவு பத்தொன்பது பேர்.
அதில் ஒருவர் பஞ்சருக்கு வந்தவர்.
கெனெஸ் ஆணியைப் பிடுங்கி ஒட்டி முடிப்பதற்குள்
இரண்டு கிண்ணம் காலி.
கணக்கு பார்த்தேன்:
எட்டாயிரத்து நானூறு தெங்கே நட்டம்.
பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவைத் தேடினேன்.
கிடைக்கவில்லை;
மெனுவில் தீர்ந்துபோயிருந்தது.

இரண்டாம் இரவு ஒரு பல் மருத்துவர்,
வெள்ளைச் சட்டை போட்டவர், மெதுவாகக் கேட்டார்:
"கத்தரிக்கோல் இருக்குமா?"
எங்கள் வீடுகளில் அது சாதாரணம்.
ஷோஹ்ரத் மாவுப் பக்கம் திரும்பி நின்றான்.
அவன் முதுகு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.
கவுண்டருக்கு அடியிலிருந்து எடுத்து
மடித்த துண்டுக்குள் வைத்து நீட்டினேன்,
லஞ்சம் கொடுப்பதுபோல.

நான்காம் இரவு கடை திறக்கையில்
துண்டைத் தேடிக் குனிந்தேன்.
கவுண்டருக்கு அடியில்
இரண்டு கத்தரிக்கோல்கள்.
ஒன்று நான் வாங்கியது.