துபாஷி சொன்னது

தினமும் காலை ஒன்பதரைக்குச் சத்தியம் செய்கிறேன்:
கேட்டதைக் கேட்டபடி சொல்வேன்,
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.
மாதம் முப்பது ரூபாய்.
வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு.

அன்று மஹேபூரில் புயலுக்கு முந்தின புழுக்கம்.
கடல்பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டதால்
பகலிலேயே மேஜைமேல் விளக்கு.
கூண்டில் பேச்சி.
அவளுடைய சீட்டு நம்பரைக் குமாஸ்தா வாசித்தார்.
கடைசி இலக்கம் ஏழா ஒன்றா என்பதில்
ஐந்து நிமிஷம் போனது.

குற்றம்:
ஒப்பந்தம் முடியாமல் கரும்புத்தோட்டத்தை விட்டு ஓடியவனும்
சர்தாரின் தோள்பட்டையை உடைத்தவனுமான ஒருத்தனை
மூன்று இரவு குடிசையில் வைத்திருந்தது.
வைத்திருந்தது என்றுதான் சட்டம் சொல்கிறது,
ஆட்டுக்குட்டியை வைத்திருப்பது போல,
முந்தானையில் காசை வைத்திருப்பது போல.
தடயம்: ஒரு மண்சட்டி.
தனியாள் சட்டியில் இரண்டாள் சோறு.

பெண்டாட்டி என்றால் விட்டுவிடுவார்கள்.
புருஷனுக்குச் சோறு போட்டவளைப் பிடிக்கச்
சட்டம் எழுதியவனுக்கும் மனசு வரவில்லை போலும்.
ஆனால் கல்யாணம் பதிவேட்டில் இருக்கவேண்டும்.
அவள் கழுத்தில் இருந்தது மஞ்சள் கயிறு.
துரை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
'கயிறு' என்று எழுதிக்கொண்டார்.

"அவன் பெயர் என்ன?"
கேட்டேன்.
"சொல்லக்கூடாதுங்க."
"சொல்லமாட்டாளாம், துரை."

கூடாது என்பதற்கும் மாட்டேன் என்பதற்கும் நடுவில்
அவர் பாஷையில் ஓர் அடி இடம் கிடையாது.
கோர்ட்டை மதிக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம்
என்றார். சொன்னேன்.

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.
இவனும் தமிழன்தானே,
இவனுக்குமா விளக்கிச் சொல்லணும் என்கிற பார்வை.
கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது.
விளக்கைக் காட்டினாள்.
"அத ஊதினா என்ன வரும்?
அதுக்கு அப்பனுங்க."

இருளப்பன்.

என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது பெயர்.
வாரண்டிலும் இருந்தது, கோணல் எழுத்தில்,
குமாஸ்தாவின் முழங்கைக்கு அடியில்.
அவள் வாயிலிருந்து அது வந்தால்
தெரிந்தே செய்தாள்: மூன்று மாதம்.
வராவிட்டால் தெரியாமல் செய்தாள்: பத்து ரூபாய்.
பின்வரிசையில் சர்தார்,
தோளில் கட்டோடு. சேலத்துக்காரன்.
அவனும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்கிறாள்?"

"விளக்கை அணைத்த பிறகு வந்தானாம், துரை.
இருட்டில் முகம் தெரியவில்லையாம்."

ஒரு சொல்லும் என் கைச்சரக்கில்லை.
விளக்கு அவளுடையது.
இருட்டும் அவளுடையது.

பேனா கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஓடியது.
பத்து ரூபாய், தவறினால் பதினான்கு நாள்.
தமிழில் சொன்னேன்.
"ரெண்டு மாசக் கூலி" என்றாள், எனக்குத் தெரியாதது போல.
கூண்டிலிருந்து இறங்கும்போது குரலைத் தாழ்த்தி,
"மறுபடி வந்தா கதவைத் திறக்கலாமாங்க?"
துரை நிமிரவில்லை.
நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த பிரிவு எனக்கு மனப்பாடம்.
எத்தனை பேருக்கு வாசித்திருக்கிறேன்:
தேடப்படுகிறவனை மறைக்க உதவும் அரசு ஊழியனுக்கு
வேலை போகும், ஓராண்டு கடுங்காவல்.
இத்தனை வருஷம் வாசித்தும்
அன்றுதான் அது தமிழாகக் காதில் விழுந்தது.

வெளியே வாதாமரத்தடியில்
சர்தார் சுருட்டோடு நின்றான்.
"நெருப்பிருக்கா, துபாஷி?"
உரசிக் கொடுத்தேன். என் கை நடுங்கியது காற்றாலும்தான்.
நல்ல கையால் வாங்கி, அவசரமில்லாமல் பற்றவைத்து,
எரிகிற குச்சியை என் முகத்தருகே பிடித்து
ஊதினான்.

"என்ன வந்துச்சு?
சொல்லுங்க பாப்போம்."